வெளிச்சம் மாறினாலும் மாறாதது எது?

(பத்தாம் வகுப்பு மாணவி ஒருவர் எழுதியது)

"கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்" என்பது நம் பெரியோர் வாக்கு. பிறரைப் பற்றிக் கண்டதையும் கேட்டதையும் உடனே நம்பிவிடலாகாது என்பதற்காகச் சொன்னது. ஆனால் அதன் முதற்பகுதி அறிவியலுக்கும் பொருந்தும். நம் கண்ணுக்கு வந்து சேர்வது பொருள் அன்று. பொருளின்மேல் பட்டுத் திரும்பி வரும் ஒளியே. ஒளி மாறினால் காட்சியும் மாறும். பிள்ளையார்பாளையத்தில் பட்டு நூலுக்கு நடுவே வளரும் பிள்ளைகள் இதைப் புத்தகம் படிக்கும் முன்பே அறிந்துகொள்கிறார்கள்.

இதே உண்மை கணினி அறிஞர்களையும் பல ஆண்டுகளாக உழைக்க வைத்திருக்கிறது. ஒரே பொருளை வெவ்வேறு வெளிச்சத்தில் இரண்டு படம் எடுத்தால், இரண்டும் ஒன்றே என்று இயந்திரம் எப்படிக் கண்டுகொள்ளும்? இக்கட்டுரையில் அதைக் காண்போம்.

வாசலுக்குக் கொண்டு போ!

காஞ்சிபுரம் பட்டுச் சேலையில் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம் என்று இருப்பதுண்டு. இரண்டையும் தறியிலேயே இணைத்து நெய்வதற்குக் கோர்வை என்று பெயர். இருபுறக் கரையும் ஒரே நிறமாய் இருந்தால்தான் சேலைக்கு அழகு. நெய்துகொண்டிருக்கும்போது நூல் போதாமல் போனால், அதே நிறத்தில் மறுபடி சாயம் தோய்க்க வேண்டும். புதிய நூலும் பழைய நூலும் ஒத்திருக்கின்றனவா என்று பார்க்க வீட்டுப் பெரியவர்கள் தறிக்கு மேலே எரியும் விளக்கை நம்புவதில்லை. "வாசலுக்குக் கொண்டு போய் வெயிலில் பாரும்மா" என்பார்கள்.

ஏன் அப்படி? குண்டு பல்பின் ஒளியில் சிவப்பு மிகுதி, நீலம் குறைவு. டியூப் லைட்டின் ஒளி வேறு வகை. இரண்டு வேறு சாயங்களில் தோய்ந்த நூல்கள் ஒரு விளக்கின்கீழ் ஒன்றுபோலத் தோன்றி, இன்னொரு விளக்கின்கீழ் தனித்தனியாய்த் தெரிவதுண்டு. வெயிலில் வானவில்லின் எல்லா நிறங்களும் இருப்பதால், அங்கே சாயத்தின் வேறுபாடு எளிதில் ஒளிந்துகொள்ள முடியாது.

நம் கண்ணின் திறமை

இறைவன் நமக்கு அளித்த கண் இந்தச் சிக்கலைப் பெரும்பாலும் தானாகவே தீர்த்துவிடுகிறது. ஓர் உதாரணம் பாருங்கள். நண்பகல் வெயிலின் ஒளி ஏறத்தாழ 1,00,000 லக்ஸ். டியூப் லைட் எரியும் அறையில் சில நூறு லக்ஸ்தான். கரித்துண்டு தன்மேல் விழும் ஒளியில் நூற்றுக்குச் சுமார் 4 பங்கைத் திருப்பி அனுப்புகிறது. வெள்ளைத் தாள் நூற்றுக்குச் சுமார் 80 பங்கை அனுப்புகிறது. கணக்குப் போட்டால், வெயிலில் கிடக்கும் கரி 4,000 பங்கு ஒளியை அனுப்பும். 300 லக்ஸ் உள்ள அறையில் இருக்கும் வெள்ளைத் தாள் அனுப்புவதோ 240 பங்கு மட்டுமே. வெள்ளைத் தாளைவிடக் கரி பதினாறு மடங்கு அதிகமாய் ஒளி அனுப்புகிறது! ஆயினும் நாம் கரியைக் கறுப்பு என்றும் தாளை வெள்ளை என்றும் தான் சொல்கிறோம்.

காரணம், நம் கண்ணும் மூளையும் ஒரு பொருளிலிருந்து வரும் ஒளியைத் தனியே அளப்பதில்லை. பக்கத்தில் உள்ளவற்றோடு ஒப்பிட்டே அளக்கின்றன. அமெரிக்க அறிஞர் எட்வின் லாண்ட் பல வண்ணத் தாள்களை ஒட்டி வைத்து, அவற்றின்மேல் விழும் ஒளியை மாற்றி மாற்றிச் சோதனை செய்து இதை விளக்கினார். உடனே படம் தரும் போலராய்டு காமிராவை உருவாக்கியவரும் அவரே.

காமிராவின் திண்டாட்டம்

காமிராவுக்கு இந்தத் திறமை இயல்பாய் இல்லை. படத்தை அது சின்னஞ்சிறு புள்ளிகளாகப் பிரித்து, ஒவ்வொரு புள்ளிக்கும் ஓர் எண் தருகிறது. கறுப்புவெள்ளைப் படத்தில் முழு இருளுக்கு 0, முழு வெளிச்சத்துக்கு 255. அந்த எண் எப்படி வருகிறது?

பதியும் எண் = விழும் ஒளி × பொருள் திருப்பி அனுப்பும் பங்கு.

இங்குதான் சிக்கல். 12 என்ற பெருக்கற்பலனை மட்டும் சொல்லி, "பெருக்கிய இரண்டு எண்கள் எவை?" என்று ஆசிரியை கேட்டால் நாம் என்ன சொல்வோம்? 3, 4 ஆக இருக்கலாம்; 2, 6 ஆகவும் இருக்கலாம். அதுபோலவே, ஒரு புள்ளி இருட்டாக இருப்பது பொருள் கறுப்பு என்பதாலா, வெளிச்சம் குறைவு என்பதாலா என்று அந்த ஒரு புள்ளியைப் பார்த்துச் சொல்ல முடியாது. அக்கம்பக்கத்துப் புள்ளிகளையும் விசாரிக்க வேண்டும்.

பத்தாம் வகுப்புக் கணக்கே போதும்

ஒரு சேலைக் கரையில் அடுத்தடுத்த மூன்று புள்ளிகள் வெயிலில் 60, 90, 180 என்று பதிவதாகக் கொள்வோம். மேகம் மறைத்து ஒளி பாதியானால் அவை 30, 45, 90 ஆகும். எண்ணை எண்ணோடு ஒப்பிடும் இயந்திரம் "இது வேறு சேலை" என்று சொல்லிவிடும். ஆனால் விகிதத்தைப் பாருங்கள். 90ஐ 60ஆல் வகுத்தாலும், 45ஐ 30ஆல் வகுத்தாலும் விடை 1.5 தான். ஒளி மாறிற்று, விகிதம் மாறவில்லை.

இப்போது மேகத்தோடு, காமிராக் கண்ணாடியில் ஒரு மங்கல் ஒளியும் படர்ந்து, எல்லாப் புள்ளிகளுக்கும் 20 கூடிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். எண்கள் 50, 65, 110 ஆகின்றன. விகிதமும் கெட்டுவிட்டது. இங்கே நாம் புள்ளியியலில் படிக்கும் சராசரியும் திட்ட விலக்கமும் கைகொடுக்கின்றன.

முதல் படத்தின் சராசரி 110. ஒவ்வோர் எண்ணிலிருந்தும் அதைக் கழித்தால் −50, −20, 70. இவற்றின் திட்ட விலக்கம் ஏறத்தாழ 51. அதனால் வகுத்தால் −0.98, −0.39, 1.37.

மங்கிய படத்தின் சராசரி 75. கழித்தால் −25, −10, 35. திட்ட விலக்கம் ஏறத்தாழ 25.5. வகுத்தால் −0.98, −0.39, 1.37.

இரண்டும் ஒன்றே! சராசரியைக் கழித்தபோது கூடுதலாய்ப் படர்ந்த ஒளி நீங்கியது. திட்ட விலக்கத்தால் வகுத்தபோது ஒளி பாதியான குறை நீங்கியது. படங்களைப் பொருத்திப் பார்க்கும் கணினிகள் இன்றும் இந்த முறையைப் பயன்படுத்துகின்றன. "இந்தக் கணக்கெல்லாம் வாழ்க்கையில் எதற்கு உதவும்?" என்று கேட்கும் தோழியர் இதைக் குறித்துக்கொள்ளலாம்.

நிறம் மாறும்போது

வெளிச்சத்தின் அளவு மட்டுமன்றி அதன் நிறமும் மாறினால் என்ன செய்வது? வண்ணப் படத்தில் ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று எண்கள் உண்டு. ஜெர்மானிய அறிஞர் வான் கிரீஸ் 1902இல் கண்ணைப் பற்றிச் சொன்ன ஒரு கருத்து இங்கே பயன்படுகிறது. ஒவ்வொரு நிறத்தையும் தனித்தனியே சரிசெய்ய வேண்டும் என்பதே அது.

அரக்கு நிற நூலின் பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளை வைத்துக் குண்டு பல்பின் ஒளியில் படம் எடுப்போம். தாள் 240, 200, 140 என்றும் நூல் 180, 40, 35 என்றும் பதிவதாகக் கொள்வோம். நூலின் எண்களைத் தாளின் எண்களால் முறையே வகுத்தால் 0.75, 0.20, 0.25. அதே நூலை வெயிலில் எடுக்கும்போது தாள் 240, 240, 240 என்றும் நூல் 180, 48, 60 என்றும் வந்தால், வகுத்த விடை மறுபடியும் 0.75, 0.20, 0.25. வெள்ளைத் தாள் இங்கே சாட்சி சொல்கிறது. எந்த ஒளி வந்தது என்பதை அது காட்டிக்கொடுக்கிறது. (உண்மைக் காமிராக்கள் படத்தை அழகாக்க எண்களைத் தாமே சற்று மாற்றுவதால், விடை இவ்வளவு துல்லியமாய் வராது, கிட்டத்தட்ட வரும்.)

ஆனாலும் முன்னே சொன்ன இரட்டைச் சாயச் சிக்கலை இது முழுதும் தீர்க்காது. ஒரு விளக்கின்கீழ் இரு நூலும் ஒரே மூன்று எண்களைத் தந்துவிட்டால், எந்தக் கணக்கும் அவற்றைப் பிரித்துக் காட்ட முடியாது. அந்த வேறுபாட்டுச் செய்தி காமிராவுக்குள் வரவே இல்லையே! அப்போது வேறு விளக்கில் இன்னொரு படம் எடுப்பதே வழி. வாசலுக்குக் கொண்டு போகச் சொல்லும் நம் பெரியவர்கள் சொல்வதும் அதுதான்.

ஜக்கார்டு அட்டையும் கணினியும்

இன்னொரு முறை நம் ஊருக்கு மிகவும் பழக்கமானது போல் தோன்றும். பின்லாந்து நாட்டு ஔலு பல்கலைக்கழக அறிஞர்கள் 1990களில் இதை வகுத்தனர். ஒரு புள்ளியை நடுவில் வைத்துச் சுற்றியுள்ள எட்டுப் புள்ளிகளைப் பார்க்க வேண்டும். நடுப்புள்ளியைவிடக் குறையாமல் இருந்தால் 1, குறைந்தால் 0. இவ்வாறு எட்டு இலக்கங்கள் கொண்ட ஒரு குறி கிடைக்கும். மொத்தம் 256 வகைக் குறிகள்தாம் உண்டு. ஒளி கூடினாலும் குறைந்தாலும் "யார் பெரியவர், யார் சிறியவர்" என்பது மாறாதல்லவா? ஆகவே குறியும் மாறாது.

தறியின் மேலே தொங்கும் ஜக்கார்டு அட்டைகளை நினைத்துப் பாருங்கள். துளை இருந்தால் நூல் மேலே எழும், இல்லையேல் எழாது. பிரான்சு நாட்டு ஜக்கார்டு 1804இல் அமைத்த அந்தப் பொறியிலும் உண்டு, இல்லை என்ற இரண்டே விடைகள்தாம். மயிலும் மாங்காயும் அன்னமும் அந்த இரண்டு விடைகளாலேயே சேலையில் மலர்கின்றன.

கயிலாசநாதர் கோயில் சொல்லும் பாடம்

இதுவரை சொன்ன முறைகளுக்கெல்லாம் அடங்காத ஒன்று உண்டு. அது ஒளி வரும் திசை. நம் பிள்ளையார்பாளையத்தில் உள்ள கயிலாசநாதர் கோயிலை அறியாதார் இல்லை. சுமார் 1,300 ஆண்டுகளுக்கு முன் பல்லவ மன்னன் இராஜசிம்மன் கட்டிய மணற்கல் கோயில் அது. அங்கே தூண்களைத் தாங்கி நிற்கும் சிங்கங்களைக் காலையிலும் மாலையிலும் படம் எடுத்துப் பாருங்கள். காலையில் ஒளி பட்ட கன்னம் மாலையில் நிழலாகிவிடும். நிழலில் இருந்த கன்னம் ஒளி பெறும். இப்போது "யார் பெரியவர், யார் சிறியவர்" என்பதே தலைகீழாகிவிட்டது. நிழலின் ஓரத்தைக் கல்லின் ஓரம் என்று இயந்திரம் எண்ணிவிடக்கூடும்.

மனித முகமும் அப்படித்தான். அதினி, மோசஸ், உல்மன் என்னும் மூன்று அறிஞர்கள் 1997இல் வியப்பான ஒரு முடிவை வெளியிட்டனர். ஒளியின் திசை மாறும்போது ஒரே மனிதரின் இரு படங்களுக்கிடையே உண்டாகும் வேறுபாடு, இரண்டு வேறு மனிதரின் படங்களுக்கிடையே உள்ள வேறுபாட்டைவிடப் பெரும்பாலும் அதிகம் என்பதே அது. அதாவது, எண்ணை எண்ணோடு மட்டும் ஒப்பிடும் இயந்திரத்துக்கு, சன்னலோரம் நிற்கும் நானும் விளக்கடியில் நிற்கும் நானும் வேறு வேறு ஆட்கள்! 2000ஆம் ஆண்டில் வேறு சில அறிஞர்கள், எல்லா ஒளியிலும் மாறாமல் இருந்து பொருள்களைப் பிரித்துக் காட்டும் ஒரே அடையாளம் ஒரு தனிப் படத்தில் கிடையாது என்று கணித முறையில் நிறுவினர்.

பிறகு என்ன வழி? பல ஒளிகளில் காட்டிப் பழக்குவதே வழி. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் 10 பேரை, ஒவ்வொருவரையும் 9 நிலைகளில், 64 வகை வெளிச்சத்தில் எடுத்த 5,760 படங்களின் தொகுப்பு 2001இல் ஆய்வுக்குப் பயன்பட்டது. இன்றைய இயந்திரங்கள் இலட்சக்கணக்கான படங்களைப் பார்த்துப் பழகியவை. குழந்தை தன் தாயைப் பகலிலும் இருளிலும் பார்த்துப் பார்த்து அறிவதைப் போன்றதே இது.

ஊர் திரும்பிய நடராஜர்

இந்தப் படிப்பால் யாருக்கு என்ன பயன் என்று கேட்கலாம். அரியலூர் மாவட்டத்து ஸ்ரீபுரந்தான் கோயிலிலிருந்து திருடப்பட்ட சோழர் கால நடராஜர் திருமேனியை, ஆஸ்திரேலியாவின் கான்பராவில் உள்ள தேசியக் கலைக்கூடம் 2008இல் சுமார் 50 இலட்சம் அமெரிக்க டாலருக்கு வாங்கியிருந்தது. 1955இல் தொடங்கப்பட்ட புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், தமிழகக் கோயில்களின் திருமேனிகளைப் பல ஆண்டுகளாகப் படம் எடுத்து வைத்திருக்கிறது. அந்தப் பழைய படங்களோடு ஒப்பிட்டதால் உண்மை வெளிப்பட்டது. 2014 செப்டம்பரில் நடராஜர் இந்தியா திரும்பினார்.

அப்படிப்பட்ட ஒப்பீடு எளிதன்று. பழைய படம் கிராமத்துக் கோயிலின் வெளிச்சத்தில் எடுத்தது. புதிய படம் அருங்காட்சியகத்தின் விளக்கொளியில் எடுத்தது. வெண்கலம் பளபளக்கும் உலோகமாதலால், பளபளப்பு விழும் இடமும் விளக்குக்கு விளக்கு மாறும். அந்த இடத்தில் எண் 255ஐத் தொட்டுவிட்டால் உள்ளிருக்கும் வடிவம் மறைந்தே போகும். ஆகவே பளபளப்பையும் நிழலையும் ஒதுக்கிவிட்டு, மாறாதவற்றைத் தேட வேண்டும். சோழர் காலத்து வெண்கலத் திருமேனிகள் மெழுகு வார்ப்பு முறையில் செய்யப்பட்டவை. வார்த்தபின் அச்சை உடைத்துவிடுவதால் ஒன்றைப்போல் மற்றொன்று இராது. தேய்ந்த மூக்கு, வார்ப்பில் விழுந்த சிறு பள்ளம், ஒடிந்த சுடர் நாக்கு ஆகியவை மனிதருக்குக் கைரேகை போன்றவை. அழகைவிடக் குறைகளே அங்கு அடையாளமாகின்றன!

பாட்டி பாட்டிதான்

நம் வீட்டுக்கு இன்னும் நெருங்கிய செய்தி ஒன்று உண்டு. ஓய்வூதியம் பெறும் முதியோர் ஆண்டுதோறும் தாம் உயிருடன் இருப்பதாகச் சான்று தர வேண்டும். 2021 நவம்பர் முதல் மத்திய அரசு, கைபேசியில் முகத்தைக் காட்டியே அச்சான்றைத் தரும் வழியைச் செய்திருக்கிறது. கைரேகை தேய்ந்த முதியோருக்கு இது பெரும் உதவி. ஆனால் பின்புறம் சன்னல் இருக்க, முகம் இருட்டில் இருந்தால், கைபேசி "பொருந்தவில்லை" என்று சொல்லக்கூடும். அப்போது பாட்டி கலங்குவார். பேத்தியாகிய நாம் செய்ய வேண்டியது எளிது. முகத்தில் நேரே, சமமாய் ஒளி விழும்படி அவரை உட்கார வைக்க வேண்டும். சன்னல் அவருக்கு முன்னே இருக்கட்டும். முதுகுக்குப் பின்னே வேண்டாம். தலைக்கு நேர் மேலே எரியும் விளக்கையும் தவிர்க்கலாம்; அது கண்களில் நிழலைத் தரும்.

இயந்திரத்தைப் பழக்குவோரின் பொறுப்பும் இதில் உண்டு. 2018இல் ஜாய் புவலாம்வினி, டிம்னிட் கெப்ரு என்ற இரு பெண் அறிஞர்கள், முகத்தைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்லும் மூன்று நிறுவனங்களின் மென்பொருள்களைச் சோதித்தனர். வெளிர்நிற ஆண்களின் முகங்களில் பிழை நூற்றுக்கு 0.8ஐத் தாண்டவில்லை. கருநிறப் பெண்களின் முகங்களிலோ அது 34.7 வரை சென்றது. யாருடைய முகத்தைக் காட்டிப் பழக்கவில்லையோ, அவர்களை இயந்திரம் சரியாய் அறிவதில்லை. நம் மாநிலத்துப் பெண்களாகிய நாம் இதை மறக்கலாகாது. நாளை இத்துறையில் நுழையும் மாணவியர் நம்முள் இருந்தால், நம் ஊர் முகங்களையும் நம் ஊர் வெளிச்சத்தையும் இயந்திரத்துக்குக் கற்றுக்கொடுக்கும் பணி அவர்களுக்காகக் காத்திருக்கிறது.

செய்து பாருங்கள்

தோழியரே, விடுமுறையில் ஒரு சோதனை செய்து பாருங்கள். ஒரு பட்டுத் துண்டை வெள்ளைத் தாளின்மேல் வைத்து, வாசலில் ஒரு படமும், டியூப் லைட்டின்கீழ் ஒரு படமும், குண்டு பல்பின்கீழ் ஒரு படமும் எடுங்கள். மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பட்டு மட்டுமன்று, தாளும் நிறம் மாறியிருப்பது தெரியும். மூன்றிலும் மாறாமல் நிற்பவை எவை என்று பட்டியலிடுங்கள். பூவின் வடிவம், ஜரிகை இழையின் போக்கு, தாளைவிடப் பட்டு எவ்வளவு கருமை என்னும் விகிதம் ஆகியவை உங்கள் பட்டியலில் இடம்பெறும்.

ஒரு பொருளை "இது வேறு" என்று தள்ளுமுன், அதன்மேல் விழுந்த ஒளியை முதலில் விசாரிக்க வேண்டும். இயந்திரத்துக்கு நாம் கற்பிக்கும் இந்தப் பாடம் மனிதரைப் பார்க்கும்போது நமக்கும் வேண்டியதே.